எண்ணப்படாத ஓட்டுகள்

மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை நடத்துகிற தோழர் ஒருவர் சென்ற வாரம் என்னைத் தேடி வந்தார். கையிலே ஒரு கத்தைக் காகிதம், முகத்திலே கவலை. காகிதத்தைப் புரட்டினேன். வரிசை எண் போட்டு ஆயிரம் வலைத்தள முகவரிகள் அச்சிடப்பட்டிருந்தன.

"அண்ணே! என் பட்டறைக்கு ஒரு வலைப்பக்கம் போட்டேன், தெரியுமல்லவா? அதைத் தேடுபொறியிலே முதலிடத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் வந்தார். ஆறாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார். இந்த ஆயிரம் இடங்களிலிருந்தும் என் பக்கத்துக்குச் சுட்டி போட்டாகிவிட்டது என்று பட்டியலும் தந்துவிட்டார். மூன்று மாதம் ஆகிறது. இருந்த இடத்திலேயே இருக்கிறேன். ஆயிரம் பேர் சாட்சி சொல்லியும் வழக்குத் தோற்றுவிடுமா, அண்ணே?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பட்டியலில் இருந்த பத்து முகவரிகளை அவர் எதிரிலேயே திறந்து பார்த்தோம். சுட்டி இருக்கத்தான் செய்தது. தரகர் பொய் சொல்லவில்லை! எவரோ எழுதிய சமையல் குறிப்பின் கீழே, எவரோ பாடிய பாட்டின் கீழே, யாரோ ஒரு பெரியவர் காலமான செய்தியின் கீழே, வாசகர் கருத்து எழுதுகிற இடத்திலே, "நல்ல கட்டுரை, நன்றி" என்று ஒரு வரி. அதை ஒட்டி நம் தோழருடைய பட்டறையின் பெயர். இரங்கல் செய்திக்குக் கீழே மோட்டார் விளம்பரம்! பண்பாடு கிடக்கட்டும். அந்தச் சுட்டிகளின் உள்ளே, படிப்பவர் கண்ணுக்குத் தெரியாத இடத்திலே, ஒரு சொல் ஒளிந்திருந்தது. பத்தில் ஒன்பதில் இருந்தது. 'நோஃபாலோ' என்பது அந்தச் சொல். 'பின்தொடராதே' என்று பொருள். தோழருடைய ஆறாயிரத்தை விழுங்கியது அந்த ஒரு சொல்தான்!

யார் படைத்த சொல் அது? ஏன் படைத்தார்கள்? யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்? தோழருக்குச் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறேன். ஏனெனில், இன்று பட்டறைத் தோழரிடம் வந்த தரகர், நாளைக்குச் சங்கத்தின் வலைத்தளத்துக்கும் வருவார், வாசகசாலையின் வலைத்தளத்துக்கும் வருவார்.

சுட்டி ஓட்டான கதை

ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் வழிதான் சுட்டி. எழுத்தின்மேல் விரலை வைத்தால் அடுத்த பக்கம் திறக்கிறதே, அது. 1989-இல் ஜெனிவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்திலே டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் வலையை முன்மொழிந்தபோது, அந்தச் சுட்டியிலே விலை ஏதும் இல்லை. "இதைப் படித்தேன், நீயும் போய்ப் படி" என்று கை காட்டுவது, அவ்வளவுதான்.

பக்கங்கள் பெருகின. ஆயிரம் லட்சமாயிற்று, லட்சம் கோடியாயிற்று. எங்கே எது இருக்கிறது என்று தேடித் தருவதற்குப் பொறிகள் வந்தன. ஆரம்ப காலத்துப் பொறிகள் பெரும்பாலும் சொற்களைத்தான் எண்ணின. 'செருப்பு' என்று தேடினால், எந்தப் பக்கத்திலே 'செருப்பு' என்ற சொல் அதிகம் வருகிறதோ அது மேலே! விளைவு என்ன? வெள்ளைத் தாளிலே வெள்ளை மையால் எழுதுவது போல, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத நிறத்திலே 'செருப்பு செருப்பு செருப்பு' என்று நூறு தடவை எழுதி வைத்தார்கள் வணிகர்கள்.

இந்த நிலையிலேதான் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்து மாணவர்கள் இருவர், லாரி பேஜும் செர்கே பிரினும், வேறு வழி பிடித்தனர். ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதைக் கேட்காதே. மற்றப் பக்கங்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்! சுட்டி ஒவ்வொன்றும் ஓர் ஓட்டு. அதிக ஓட்டு வாங்கிய பக்கம் மேலே.

முற்றிலும் புதிய யோசனை என்று சொல்ல முடியாது. எந்த ஆராய்ச்சியை எத்தனை ஆராய்ச்சியாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணி அதன் செல்வாக்கை அளக்கலாம் என யூஜீன் கார்ஃபீல்டு 1955-லேயே எழுதினார். அறிவியல் மேற்கோள் அட்டவணையை 1964-இல் வெளியிடவும் செய்தார். மாணவர்கள் அந்த வழக்கத்தை வலைக்குக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தபோது ஒன்றைக் கூட்டினார்கள். ஆளுக்கு ஓர் ஓட்டு, எல்லா ஓட்டும் சமம் என்ற ஜனநாயகம் அங்கே இல்லை. நிறைய ஓட்டு வாங்கிய பக்கம் போடும் ஓட்டுக்குக் கனம் அதிகம். எவரும் சீந்தாத பக்கம் போடும் ஓட்டுக்குக் கனம் குறைவு. ஜமீன்தாரின் சிபாரிசுக் கடிதத்துக்கும் பண்ணையாளின் சிபாரிசுக் கடிதத்துக்கும் ஊரிலே இருந்த வித்தியாசம் தெரியுமல்லவா? அதே கதை!

இன்னொரு விதியும் உண்டு. ஒரு பக்கத்திடம் இருக்கிற கனம், அது வெளியே போடும் சுட்டிகளுக்குள் பங்கு பிரிகிறது. பத்துச் சுட்டி போட்டால் பத்துப் பங்கு. நூறு போட்டால் நூறு பங்கு. ஓய்வின்றிச் சுட்டி சுட்டியாகத் தாவிச் செல்லும் ஒரு கற்பனை வாசகன் எந்தப் பக்கத்தில் எத்தனை முறை வந்து நிற்பான் என்பதுதான் கணக்கு. அவன் நூறில் 85 தடவை சுட்டியைப் பின்தொடர்கிறான்; 15 தடவை சலித்துப்போய் வேறெங்கோ குதிக்கிறான் என்று வைத்துக்கொண்டார்கள். இதற்குப் 'பேஜ்ரேங்க்' என்று பெயர். 1998 செப்டம்பரில் கூகுள் கம்பெனி பிறந்தது. காப்புரிமை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தின் பெயரில் இருந்தது. அதைப் பயன்படுத்தும் உரிமைக்கு ஈடாக 18 லட்சம் பங்குகளைப் பெற்ற பல்கலைக் கழகம், 2005-இல் அவற்றை 33 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றது. யாரோ பெயர் தெரியாத கோடிக்கணக்கானவர்கள், காசு எதிர்பாராமல், "இதைப் படி" என்று கை காட்டியதன் கூட்டுத் தொகைதான் அந்த மூலதனம். அவர்களுக்குப் பங்கு கிடையாது.

சுட்டியிலே எழுதியிருக்கும் எழுத்துக்கும் மதிப்பு உண்டு. 'மோட்டார் பழுது' என்ற எழுத்தின்மேல் சுட்டி இருந்தால், போய்ச் சேரும் பக்கம் மோட்டார் பழுதைப் பற்றியது என்று பொறி எடுத்துக்கொள்கிறது. 2003-இல் குறும்புக்காரர்கள் கூடி ஒரு வேலை செய்தார்கள். 'படுதோல்வி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின்மேல், அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷின் வெள்ளை மாளிகை வாழ்க்கைக் குறிப்புப் பக்கத்துக்குச் சுட்டி போட்டார்கள். அந்தப் பக்கத்திலே அந்தச் சொற்கள் இல்லவே இல்லை! ஆனாலும் அவற்றைத் தேடினால் ஜனாதிபதிதான் முதலில் வந்து நின்றார். 2007 ஜனவரியிலேதான் கூகுள் அதற்குக் கணக்கு மாற்றியது.

ஓட்டுக்கு விலை

ஓட்டுக்கு மதிப்பு வந்தால் பிறகு என்ன வரும்? கழகத் தோழர்களுக்கும் சங்கத் தோழர்களுக்கும் நான் சொல்லியா தெரிய வேண்டும்!

சுட்டிச் சந்தை கூடிற்று. கனமான தளத்திலே மாதம் இத்தனை டாலர் கொடுத்தால் ஒரு சுட்டி. பண்ணைகள் தோன்றின, நெல் விளையும் பண்ணை அல்ல, சுட்டி விளையும் பண்ணை. ஆளே இல்லாத நூறு தளங்களை ஒருவரே வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று ஓட்டுப் போட வைப்பது. கள்ள ஓட்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்குமா?

எல்லாவற்றிலும் மலிவான வழி ஒன்று இருந்தது. வாசகர் கருத்துப் பகுதி. ஒருவர் தம் சொந்தச் செலவிலே ஒரு பக்கம் நடத்துகிறார். வருகிறவர்கள் கருத்து எழுதட்டும் என்று கதவைத் திறந்து வைக்கிறார். அந்தத் திறந்த கதவு வழியே சூதாட்டக்காரனும் போலி மருந்துக்காரனும் நுழைந்தான். ஆளாக வரவில்லை, தானே எழுதும் நிரலை ஏவிவிட்டான். இரவோடு இரவாக ஆயிரம் வீட்டுச் சுவரிலே சுவரொட்டி! வீட்டுக்காரர் காலையில் எழுந்து கிழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே ஓர் இடைச் செய்தி. விளம்பரக் காசிலே நடக்கும் தேடுபொறி, விளம்பரம் தருபவர் பக்கமே சாயும். தேடி வருபவரின் தேவையை விட்டு விலகும் என்று 1998-இல் வெளியான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் பின்னிணைப்பு எச்சரித்தது. எழுதியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? பிரினும் பேஜும்தான்! 2000 அக்டோபரில் அவர்களுடைய கம்பெனியே விளம்பரக் கடை திறந்தது. மாணவராக இருந்தபோது பேசிய நியாயத்தை முதலாளியான பின் மறப்பது வலையுலகத்துக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல என்பதால், மேலே செல்கிறேன்.

ஒரு சொல் பிறந்தது

2005 ஜனவரியில் கூகுளும், அன்று அதற்குப் போட்டியாக இருந்த யாஹூவும், மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.என். தேடுபொறியும் ஒன்றுகூடி ஓர் ஏற்பாட்டை அறிவித்தன. கூகுளின் மேட் கட்ஸும், பிளாக்கரின் ஜேசன் ஷெல்லனும் முன்மொழிந்த ஏற்பாடு அது. சுட்டியை எழுதும் நிரல் மொழியிலே 'ரெல்' என்று ஒரு பண்புக்கூறு உண்டு. இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் என்ன உறவு என்று குறிக்கும் இடம். அந்த இடத்தில் 'நோஃபாலோ' என்று எழுதிவிட்டால், அந்தச் சுட்டியை ஓட்டாக எண்ண மாட்டோம் என்றார்கள்.

சூட்சுமத்தைக் கவனியுங்கள். படிப்பவருக்குச் சுட்டி அப்படியே தெரியும். நிறம் மாறாது, எழுத்து மாறாது. தொட்டால் பக்கம் திறக்கும். ஓட்டுச் சீட்டு அதேதான்; பெட்டியும் அதேதான். சீட்டின் பின்புறத்திலே மட்டும், எண்ணும் அதிகாரி கண்ணுக்கு மட்டும் தெரியும்படி, 'கணக்கில் சேர்க்காதே' என்று ஒரு முத்திரை!

வலைப்பதிவு மென்பொருள் நடத்தியவர்கள் இதை வரவேற்றார்கள். வாசகர் கருத்தில் வரும் சுட்டிகளுக்கெல்லாம் இந்த முத்திரை தானாகவே விழும்படி செய்தார்கள். பட்டறைத் தோழரின் ஒன்பது சுட்டிகளில் இருந்த முத்திரை அப்படி விழுந்ததுதான். சுவரொட்டி ஒட்டுவது நின்றதா என்றால், இல்லை. ஒட்டுகிறவனுக்குக் கூலி சுவரொட்டிக்கு இத்தனை என்றுதானே பேச்சு? எண்ணப்படுகிறதா என்பது அவன் கவலை அல்ல. காசு கொடுத்தவரின் கவலை.

இது நல்ல ஏற்பாடா, கெட்ட ஏற்பாடா? என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். விலைக்கு வாங்கிய சாட்சி, விலைக்கு வாங்கிய சாட்சி என்று குறிக்கப்பட வேண்டும். பத்திரிகையிலே விளம்பரத்தின் தலையில் 'விளம்பரம்' என்று போடுகிறோமே, அந்த நியாயம்தான் இது. அந்த அளவில் முத்திரை சரியே.

ஆனால் முத்திரை அந்த அளவோடு நிற்கவில்லை. 2007 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா, வெளித்தளங்களுக்குத் தான் தரும் சுட்டிகள் அனைத்திலும் இந்த முத்திரையைக் குத்தியது. தங்கள் தளத்தைத் திணிக்க வந்த வணிகர்களின் தொல்லை தாங்கவில்லை என்பது காரணம். காரணத்தில் உண்மை இருந்தது. விளைவு? ஊதியமின்றி உழைக்கும் தொண்டர்கள், நான்கு நூல்களையும் ஐந்து ஏடுகளையும் பார்த்து, "இந்தத் தகவல் இங்கிருந்து எடுத்தேன்" என்று நேர்மையோடு தருகிற சுட்டிக்கும் சூதாட்டக்காரன் திணித்த சுட்டிக்கும் ஒரே முத்திரை! விக்கிப்பீடியாவை நோக்கி உலகமே சுட்டி போடுகிறது. அது போய்ச் சேருகிறது. விக்கிப்பீடியாவிலிருந்து வெளியே போவது முத்திரையோடு போகிறது. உள்ளே வரும் வாய்க்கால் ஆயிரம், வெளியே போகும் மடை அடைப்பு என்றால் ஏரி நிரம்பத்தானே செய்யும்? கடைமடை வயல்காரன் நிலைதான் கேள்வி.

பெரிய ஏடுகள் பலவும் இதையே பிடித்துக்கொண்டன. சிறிய தளம் ஒன்று செய்தியைத் தோண்டி எடுக்கும். பெரிய ஏடு அதை எடுத்துப் போட்டு, கீழே முத்திரை குத்திய சுட்டி ஒன்றைத் தரும். தோண்டியவனுக்கு வந்தனம் உண்டு, வரிசையில் இடம் இல்லை. முகநூல் போன்ற சமூக வலைத்தளங்களிலிருந்து வெளியே போகும் சுட்டிகளிலும் பெரும்பாலும் இந்த முத்திரைதான். ஆகவே, "உங்கள் பக்கத்தை முகநூலில் ஐந்நூறு இடத்தில் போட்டேன், வரிசை உயரும்" என்று எவராவது பில் நீட்டினால், தோழர்களே, தொகையைக் கொடுக்குமுன் யோசியுங்கள். படிக்க ஆள் வரலாம், அது நல்லதே. ஓட்டு விழும் என்று நம்ப வேண்டாம்.

தந்திரக்காரர்கள் வேறொரு கணக்கும் போட்டார்கள். ஒரு பக்கத்திலே பத்துச் சுட்டி. பக்கத்தின் கனம் பத்துப் பங்காகப் பிரிகிறது. ஐந்தில் முத்திரை குத்திவிட்டால், மிச்ச ஐந்துக்கும் இரட்டைப் பங்கு சேருமல்லவா? தன் தளத்துக்குள்ளேயே வேண்டாத பக்கங்களுக்கு முத்திரை குத்தி, வேண்டிய பக்கத்துக்குக் கனத்தை வடித்தார்கள். 2009 ஜூனில் மேட் கட்ஸ் ஒரு குண்டைப் போட்டார். அப்படி இரட்டிப்பது ஓராண்டுக்கு முன்பே நிறுத்தப்பட்டுவிட்டது. முத்திரை குத்திய ஐந்து பங்கும் ஆவியாகிப் போகும். மிச்ச ஐந்துக்கும் பழைய பங்குதான் என்றார். ஓராண்டாக எண்ணும் முறை மாறியிருக்கிறது. ஓட்டுப் போட்டவர்களுக்குச் சொல்லவில்லை! அறிவித்த அன்று கூச்சல் எழுந்தது. கூச்சல் நியாயமானதுதான், கூச்சலிட்டவர்களின் தொழில் நியாயமானதல்ல என்பது வேறு விஷயம்.

சட்டம் போட்டவர் வீட்டிலேயே

காசு வாங்கிப் போடும் சுட்டிக்கு முத்திரை குத்தாவிட்டால் தண்டனை என்பது கூகுளின் விதி. விதி எப்படி நடந்தது என்பதற்குச் சில சம்பவங்கள்.

அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்று பெரிய ஜவுளி, வீட்டுச் சாமான் கடைத்தொடர். 2010 இறுதியில், பண்டிகை விற்பனைக் காலத்தில், உடுப்பு என்று தேடினாலும் அவர்கள், படுக்கை விரிப்பு என்று தேடினாலும் அவர்கள், விரிப்புக் கம்பளம் என்று தேடினாலும் அவர்களே முதலிடம். 2011 பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' ஏடு குட்டை உடைத்தது. சம்பந்தா சம்பந்தமில்லாத இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களிலிருந்து பென்னிக்குச் சுட்டிகள், முத்திரையற்ற சுட்டிகள். எங்களுக்குத் தெரியாது என்றது கம்பெனி. தன் ஆலோசகரை நீக்கியது. கூகுள் கை வைத்தது. ஒரு குறிப்பிட்ட பயணப்பெட்டியைத் தேடினால் மாலை 7 மணிக்கு முதலாவதாக நின்ற பென்னி, இரண்டு மணி நேரத்தில் 71-ஆவது இடத்துக்குப் போயிற்று. இத்தனை மாதம் எண்ணும் அதிகாரி என்ன செய்துகொண்டிருந்தார்? பத்திரிகைக்காரன் வந்து காட்டிக் கொடுக்கும் வரை கண்ணில் படவில்லையாம்!

அடுத்தது இன்னும் சுவை. 2012 ஜனவரி. கூகுள் தன் 'குரோம்' மென்பொருளுக்கு விளம்பர ஏற்பாடு செய்தது. ஏற்பாட்டை எடுத்துச் செய்தவர்கள், வலைப்பதிவர்களுக்குக் காசு கொடுத்து எழுத வைத்தார்கள். அவற்றிலே ஒரு பதிவில் இருந்த சுட்டியில் முத்திரை இல்லை! எந்தக் கம்பெனி முத்திரையை உண்டாக்கியதோ அந்தக் கம்பெனிக்காகவே எழுதிய கூலி எழுத்திலே முத்திரை இல்லை! விஷயம் வெளியானதும், குரோம் பக்கத்தின் மதிப்பைக் குறைந்தது 60 நாளைக்குக் குறைத்துத் தன்னைத் தானே தண்டித்துக்கொண்டது கூகுள். அந்த மட்டில் பாராட்டத்தான் வேண்டும். விதியை எழுதியவருக்கே காலிடறும் விதி என்றால், காயில் கட்டும் தோழருக்கு அது எப்படி விளங்கும் என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

2013 பிப்ரவரியில் பிரிட்டனின் 'இன்டர்ஃபுளோரா' பூ வணிகக் கம்பெனி அகப்பட்டது. வட்டார ஏடுகள் பலவற்றில் காசு கொடுத்துக் கட்டுரை போல விளம்பரம். சுட்டியில் முத்திரை இல்லை. கம்பெனி தன் சொந்தப் பெயரைத் தேடினால்கூட வராதபடி மறைந்தது. வெளியிட்ட ஏடுகளின் மதிப்பும் இறக்கப்பட்டது. பதினொரே நாள்! அன்னையர் நாள் பூ விற்பனைக்குச் சற்று முன்னதாகக் கம்பெனி வரிசைக்குத் திரும்பிவிட்டது. ஆள் பலமும் பண பலமும் உள்ளவர்கள். உடனே தவறான சுட்டிகளைத் துடைத்தெறிய முடிந்தது.

ஆனால் ஆள் கையால் அன்றி, 'பெங்குவின்' என்று பெயரிட்டுக் கூகுள் 2012 ஏப்ரலில் இறக்கிய கணக்குமுறையால் அடிபட்டவர்கள் பலர். அவர்களிலே தரகரை நம்பிய சிறு வணிகர்களும் உண்டு. கெட்ட சுட்டிகளை நீக்கினாலும், கணக்கு மறுபடி ஓட்டப்படும் வரை மீட்சி இல்லை. 2014 அக்டோபருக்குப் பின் அடுத்த ஓட்டம் எப்போது வந்தது தெரியுமா? 2016 செப்டம்பரில்! ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். ஒன்று கையால் போட்ட தண்டனை, மற்றது கணக்கால் விழுந்த தண்டனை. இரண்டும் வேறு என்பார்கள். வேறுதான். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்காகக் காத்திருப்பவனிடம் போய் அந்த வேறுபாட்டை விளக்குங்கள்!

கட்டளை, குறிப்பாக மாறிற்று

2019 செப்டம்பர் 10-ஆம் நாள் கூகுள் விதியைத் திருத்தியது. ஒரு முத்திரை மூன்றாயிற்று. காசு வாங்கிப் போட்ட சுட்டிக்கு 'ஸ்பான்சர்டு'. வாசகரோ வெளியாரோ எழுதிய பகுதியில் வரும் சுட்டிக்கு 'யு.ஜி.சி.'. இவை இரண்டிலும் சேராத, ஆனால் நான் பொறுப்பேற்க விரும்பாத சுட்டிக்குப் பழைய 'நோஃபாலோ'. பழைய முத்திரையை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

பெரிய மாற்றம் வேறிடத்தில் இருந்தது. அதுவரை 'எண்ணாதே' என்பது கட்டளை. அன்று முதல் அது வெறும் குறிப்பு. முத்திரை இருந்தாலும், எண்ணுவது தகும் என்று பொறிக்குத் தோன்றினால் எண்ணிக்கொள்ளும். தகாது என்று தோன்றினால் விடும். பக்கங்களைத் தேடிப்போய் அட்டவணையில் சேர்க்கும் வேலைக்கும் 2020 மார்ச் 1 முதல் அதே நிலை.

இது நல்லதற்கும் ஆகலாம். ஏரியின் மடை சற்றுத் திறக்கலாம். விக்கிப்பீடியாத் தொண்டர் நேர்மையாகக் காட்டிய ஆதாரத்துக்கு மதிப்புக் கிடைக்கலாம். எப்போது கிடைக்கிறது, எதற்குக் கிடைக்கிறது, எத்தனை கிடைக்கிறது? எண்ணும் அறையின் கதவு சாத்தியிருக்கிறது. பக்கம் ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று வெளியே காட்டிக்கொண்டிருந்த பேஜ்ரேங்க் எண்ணைக்கூட 2016-இல் எடுத்துவிட்டார்கள். தரகர்கள் அந்த எண்ணை வைத்துத்தான் விலை பேசினார்கள் என்பது உண்மை. இன்று வேறு கம்பெனிகள் தாமே கற்பித்த எண்களை வைத்து விலை பேசுகிறார்கள். அவை கூகுளின் எண்கள் அல்ல.

எண்ணும் இடம் பல இருந்தால் இத்தனை கவலை இல்லை. ஒருவர் எண்ணிக்கை தவறானால் இன்னொருவரிடம் போகலாம். 2024 ஆகஸ்டு 5-ஆம் நாள் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடுதல் துறையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்று தீர்ப்பளித்தார். 2020 கணக்கில் அமெரிக்காவின் தேடுதல்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 அந்த ஒரு பொறி வழியே என்றது தீர்ப்பு. தொலைபேசிகளிலும் உலாவிகளிலும் தன் பொறியே முதலில் நிற்க வேண்டும் என்பதற்காக 2021-இல் மட்டும் கூகுள் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். ஒரு வலைப்பதிவர் காசு வாங்கிக்கொண்டு முத்திரையின்றி ஒரு சுட்டி போட்டால் தண்டனை. இடத்துக்காக இத்தனை கோடி கொட்டியவர் தண்டிக்கும் நாற்காலியில்! 2025 செப்டம்பரில் பரிகாரம் கூறிய அதே நீதிபதி, குரோமை விற்கத் தேவையில்லை என்றார். தனியுரிமை ஒப்பந்தங்களைத் தடுத்தார். தேடுதல் விவரங்களில் சிலவற்றைப் போட்டியாளர்களுக்குத் தர வேண்டும் என்றார்.

பட்டறைத் தோழருக்குச் சொன்னது

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இப்போது நான் என்ன செய்யட்டும் அண்ணே?" என்றார்.

அந்த ஆயிரம் சுட்டிகளைத் தேடிப்போய் அழிக்க அலைய வேண்டாம் என்றேன். அவற்றில் பெரும்பகுதி கணக்கிலேயே இல்லை. கூகுளிடமிருந்து தண்டனை அறிவிப்பும் வரவில்லை. அவருடைய தொழிலுக்குத் தேடி வருகிறவர் பக்கத்துத் தெருக்காரர், பக்கத்து ஊர்க்காரர். அவர்களுக்கு வரைபடத்திலே கடை சரியான இடத்தில் தெரிய வேண்டும். தொலைபேசி எண், திறக்கும் நேரம், பட்டறையின் படம் சரியாக இருக்க வேண்டும். அதற்குக் காசு கிடையாது. பம்பு விற்கும் கடைக்காரர் தம் பக்கத்தில் பழுது பார்ப்பவர்கள் பட்டியல் வைத்திருக்கிறாராம். இவரிடம் வேலை கொடுப்பவர்தான். அங்கே ஒரு சுட்டி கேட்கச் சொன்னேன். தெரிந்தவர் தெரிந்து போடுகிற ஓட்டு அது.

அவருடைய பக்கத்தையும் பார்த்தோம். செம்புக் கம்பி வாங்குகிற கம்பெனிக்குச் சுட்டி போட்டிருந்தார். அவரே நம்பி வாங்குவது, முத்திரை தேவையில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் மாதம் இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு விளம்பரச் சுட்டி; அதற்கு 'ஸ்பான்சர்டு' போட்டோம். வாடிக்கையாளர் கருத்துப் பகுதிக்கு 'யு.ஜி.சி.' 'நோஓப்பனர்' என்று இன்னொரு சொல் சில சுட்டிகளில் இருந்தது. அதைக் கண்டு அஞ்சினார். அது பாதுகாப்புக்கான பூட்டு. வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கணிப்பொறியில் பக்கத்தின்மேல் வலப் பொத்தானை அழுத்தி, மூல நிரலைத் திறந்து, 'ரெல்' என்ற எழுத்தைத் தேடினால் முத்திரை தெரியும் என்று காட்டிக்கொடுத்தேன். தோழர் கெட்டிக்காரர். சுருளில் எந்தச் சுற்று எரிந்தது என்று தடவியே கண்டுபிடிப்பவர் அல்லவா! ஐந்து நிமிடத்தில் பழகிக்கொண்டார். முத்திரை இல்லாத அந்தப் பத்தாவது சுட்டி இருந்த பக்கத்தை அவரே திறந்தார். முழுக்க முழுக்கச் சூதாட்ட விளம்பரம். நடுவிலே இவருடைய பட்டறை.

அங்கேயே தொலைபேசியை எடுத்துத் தரகரைக் கூப்பிட்டார். "நீங்கள் போட்ட சுட்டியிலே நோஃபாலோ இருக்கிறதே, ஐயா?" என்று கேட்டார். மறுமுனையிலே சற்று நேரம் பேச்சில்லை. பிறகு பதில் வந்தது: "ஆயிரம் போதாது சார். இன்னும் ஆறாயிரம் அனுப்புங்கள். இரண்டாயிரம் போட்டுத் தருகிறேன்."